மில்காவின் ஈரத்துணி

பசியில் அழும் அழுகை வேறு, தூக்கத்துக்கு அழும் அழுகை வேறு. பலகைச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது இரண்டும் இல்லை. உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்தபடியே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

யோவானா குழந்தையைக் கட்டிலில் கிடத்தி டயாபரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தொடை மடிப்பில் தோல் உரிந்து சதை சிவப்பாகத் தெரிந்தது. ஓரிடத்தில் ரத்தம் பொட்டு வைத்தாற்போல் நின்றது.

"கொமாத்ரே, நேத்து இவ்வளவு இல்ல," என்றாள்.

மில்காவுக்கு நான் ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவள் நான்தான். அன்றிலிருந்து யோவானாவுக்கு நான் கொமாத்ரே. பெனெதிக்தா என்ற என் பெயர் அவள் வாயில் வருவதே இல்லை.

"கடைசியா எப்ப மாத்தின?"

"காலைல."

"இப்ப சாயங்காலம்டீ!"

"தெரியும் கொமாத்ரே. நாள் முழுக்கத் தாங்கும்னு பாக்கெட்டு மேலேயே போட்டிருக்கான்."

"அவன் தன் பிள்ளைக்குப் போட்டு உட்கார வச்சுப் பாத்தானாமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான். குழந்தையின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது.

யோவானா முதலில் துணி கட்டுவதில்தான் ஆரம்பித்தாள். ஞானத்தாய் முறையாக நான்தான் வெள்ளை ஃபிளானல் துணி வாங்கி, வெட்டி, ஓரம் தைத்துக் கொடுத்திருந்தேன். வெயில் காலத்தில் ஒரு தொல்லையும் இல்லை. கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். எங்கள் பக்கம் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும்; மாதம் பிறந்ததும் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எங்கள் குன்றின்மேல் உட்கார்ந்துகொண்டது. இனிக் கோடை வரும்வரை அது நகராது. மழை என்று சொல்லவும் முடியாத தூற்றல். கொடியில் போட்ட துணி போட்டதைவிட ஈரமாக வரும். வீட்டுக்குள் கட்டினால் பூஞ்சை நாற்றம். ஈரத்துணியைப் பிள்ளைக்குக் கட்ட முடியாமல் அழுதுகொண்டிருந்தவளுக்கு, அவள் கணவன் எடில்பெர்த்தோ டயாபர் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்து போட்டான். கடற்கரைப் பக்கம் கட்டடம் கட்டும் இடத்தில் கொத்தனாருக்குக் கையாளாக இருக்கிறான். நல்ல பையன், கொஞ்சம் கூச்ச சுபாவம்.

காய்ச்சலைக் கண்ட அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு குன்றிலிருந்து இறங்கும் மஞ்சள் பூசிய படிக்கட்டு வழியாகக் கீழே சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். நர்ஸ் பார்த்ததும் உதட்டைக் கடித்தாள்.

"இதுக்கு மேல மூடி வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் சுத்தமான தண்ணில கழுவணும். காஞ்ச துணியைப் போடணும், நனைஞ்சதும் எடுத்துடணும். காத்து படட்டும். நாளைக்குள்ள காய்ச்சல் இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிதான். சீழ் பிடிச்சா உள்ள போயிடும், புரியுதா?"

"புரியுது," என்றாள் யோவானா. தண்ணீர், காய்ந்த துணி. இரண்டே சொல். எங்கள் குன்றில் இரண்டுமே கிடைக்காத பருவம் அது.

எங்களுக்குக் குழாய் கிடையாது. தண்ணி லாரி மேலேறி வரும். பாதையோரம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நீல டிரம் நிற்கும். அந்த மாதத்துக்குக் குழாய் பிடிக்கும் முறை யாருக்கோ, அவள் ரப்பர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பிப் போவாள். யோவானாவின் டிரம்மில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. என்னுடையதில் அடி தெரிந்தது.

"நாளைக்கு லாரி வந்துரும்," என்றேன்.

அந்த ஒரு நம்பிக்கையில் அவள் மரப்பெட்டியைத் திறந்து நான் தைத்துக் கொடுத்த துணிகளை வெளியே எடுத்தாள். நல்லவேளை, பெட்டிக்குள் இருந்தவை காய்ந்தே இருந்தன. உருளைக்கிழங்கு மாவை லேசாகத் தூவி, துணியை இறுக்காமல் கட்டினேன். மிச்சமிருந்த டயாபர் பாக்கெட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மறுநாள் காலையில் எடில்பெர்த்தோ வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டி வந்தால் ஆள் வேண்டுமே.

கீழேயிருந்து லாரியின் ஹாரன் கேட்டது. டிரம் மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் பாதையோரம் நின்றோம். மூட்டத்தில் எதிர் வீடுகூடத் தெரியவில்லை. எஞ்சின் உறுமி உறுமி ஏறும் ஓசை மட்டும் வந்தது. பாதி வழியில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். அங்கே வந்ததும் சக்கரம் சுழலும் சத்தம். அப்புறம் பிரேக்கின் கிறீச்சிடல். யாரோ ஒருவன் "ஆண்டவரே!" என்று கத்தினான்.

பிறகு லாரிச் சத்தம் நின்றே போனது.

கொஞ்ச நேரத்தில் லாரிக்காரர் நடந்து வந்தார். முகத்தில் ரத்தமில்லை. கையில் ஒரு குச்சி, குச்சியின் முனையில் கிழிந்து தொங்கும் டயாபர். அதற்குள்ளிருந்து கூழ் போன்ற ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா? வளைவு முழுக்க இதுதான். நாய் இழுத்துப் போட்டு, தூத்தல்ல ஊறி, சோப்பு மேல ஏத்தின மாதிரி வழுக்குது. பின் சக்கரம் பள்ளத்து ஓரத்துல நிக்குது இப்ப. வந்து பாருங்க. எனக்கும் வீட்ல பிள்ளைங்க இருக்கு."

"ஐயா, ஒரு தடவ மட்டும்..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"ஒரு தடவயும் இல்ல, அரை தடவயும் இல்ல. பாதையைச் சுத்தம் பண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

லாரியைப் பின்னோக்கியே இறக்கிக்கொண்டு போய்விட்டார். திறந்த டிரம்களுக்குள் தூற்றல் விழுந்துகொண்டிருந்தது.

விசில் ஊதியது ஃபோர்த்துனாத்தா. குன்றிலுள்ள வீடுகள் சேர்ந்து ஆக்கும் பொதுச் சமையலுக்குத் தலைமை அவள்தான்; இளையவர்களுக்கு அவள் 'டோனா', அதாவது அம்மா. அந்த மாதம் குழாய் பிடிக்கும் முறையும் அவளுடையது. குரல் பெரிசு, கை பெரிசு. விசில் ஊதினால் கூட்டம் என்று பொருள். குன்றின் உச்சியிலுள்ள சிலுவையடியில் கூடினோம். மே மாதத் திருவிழாவுக்குக் கட்டிய காகிதப் பூக்கள் நனைந்து சாயம் வழிந்து அதில் தொங்கிக்கொண்டிருந்தன.

"மேட்டுல டயாபர் போடுற வீடு எது?" என்று கேட்டாள் ஃபோர்த்துனாத்தா. பதில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் யோவானாவைப் பார்த்தார்கள்.

யோவானா குழந்தையைப் போர்வையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். "எங்களோடது இல்ல, டோனா ஃபோர்த்துனாத்தா. தினமும் விடியக்காலைல இவரு பையில கட்டி எடுத்துட்டுப் போறாரு. சந்தையில குப்பைத் தொட்டி இருக்கில்ல, அதுல போடுறாரு. கீழ் மேட்டு ஆளுங்க வந்து கொட்டியிருப்பாங்க."

"கீழ் மேட்டுக்காரன் ஏறி வந்து கொட்டுறானா? அவனுக்கு மூட்டு வலிக்காதா?"

சிலர் சிரித்தார்கள். யோவானாவின் காது சிவந்தது.

"நான் பொய் சொல்லல."

"பொய்னு நான் சொன்னேனா? சிலுவைல கைய வச்சுச் சொல்லு. முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல யாரும் வாயத் திறக்க மாட்டோம்."

எங்கள் குன்றில் அது வழக்கம். சிலுவையைத் தொட்டுச் சொன்னதை யாரும் மறுபடி கிளறுவதில்லை. நான் எடில்பெர்த்தோவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

யோவானா குழந்தையை என்னிடம் கொடுத்தாள். போர்வைக்குள்ளிருந்து அனல் என் கையில் அடித்தது. அவள் நிமிர்ந்து போய், நனைந்த மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"என் பிள்ளை மேல..." என்று ஆரம்பித்தாள்.

எடில்பெர்த்தோ ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம். பிள்ளை மேல சத்தியம் பண்ணாத."

"விடுங்க. எல்லாரும் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நான்தான் போட்டேன்."

அவன் மனைவியைப் பார்க்காமல் சிலுவையைப் பார்த்துச் சொன்னான். "முத நாள் பையோட மினி பஸ்ல ஏறினேன். கண்டக்டர் மூக்கப் பொத்திக்கிட்டு, 'என்ன தம்பி, யாரு பொணம்'ன்னான். பஸ்ஸே சிரிச்சுது. இறக்கி விட்டுட்டான். வேலைக்கு நேரமாச்சு. மறுநாள் வளைவுல பாறைக்குப் பின்னால வச்சேன். புதைச்சிரலாம்னு பாத்தேன், தோண்ட முடியல. அப்புறம் அங்கேயே... நாய் இழுக்கும்னு யோசிக்கல."

யோவானா சிலுவையிலிருந்து கையை எடுத்துப் பாவாடையில் துடைத்தாள்.

"என்னைச் சத்தியம் பண்ண விட்டுட்டு நின்னுட்டிருந்தீங்களே."

"விடல. அதான் பிடிச்சேன்."

அவள் அவனைத் தாண்டி என்னிடம் வந்தாள். என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். நான் அந்தப் பையனுக்காக மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பலர் முன்னால் அவமானப்படப் பயந்து தவறியவன், அதைவிடப் பலர் முன்னால் எழுந்து நின்றான். இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால் அந்தப் பெண் பொய்ச் சத்தியம் செய்தவளாகியிருப்பாள்.

ஆனால் விதி இருந்தது. போன வருஷம் நாங்களே கை தூக்கிப் போட்ட விதி. லாரிப் பாதையில் குப்பை போட்ட வீட்டை அடுத்த முறை குழாய் நிரப்பாமல் தாண்டிப் போகும்.

"குழந்தைக்குக் காய்ச்சல்," என்றேன் நான். "இந்த ஒரு தடவை விடலாமே."

ஃபோர்த்துனாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த விதிப்படி முதல்ல தாண்டினது யாரு டிரம்மை? என் மருமகன் கல்லும் மண்ணும் கொட்டினான்னு என்னோடதை. குடத்தைத் தலைல வச்சுப் படி ஏறினேன். அன்னைக்கு விடலாமேன்னு யாரு சொன்னீங்க?"

யாரும் சொல்லவில்லை என்பது உண்மை.

"தாண்டிப் போங்க," என்றாள் யோவானா. குரல் நடுங்கினாலும் முகம் நிமிர்ந்திருந்தது. "தப்பு எங்களோடது. யாரும் எங்களுக்காக எதையும் மாத்த வேணாம்."

கூட்டம் அத்துடன் வளைவுக்கு இறங்கியது. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஆணும் பெண்ணுமாகப் பொறுக்கினார்கள். முதலில் குனிந்தவன் எடில்பெர்த்தோ. பாறையிடுக்கில், முள்ளில், பள்ளத்துச் சரிவில் எல்லா இடத்திலும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது.

"டேய் எடில்பெர்த்தோ, அந்தச் சின்ன உடம்புக்கு இவ்வளவா? உண்மையைச் சொல்லு, நீயும் ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறியா?" என்று ஒருவன் கேட்டானாம். எல்லோரும் சிரிக்க, எடில்பெர்த்தோவும் சிரித்துவிட்டானாம். சாக்குகளை ஆளுக்கொன்றாகத் தோளில் ஏற்றிச் சந்தைவரை நடந்தே கொண்டு போய்ப் போட்டார்கள். எடில்பெர்த்தோ மட்டும் அங்கிருந்து லாரிக்காரரைத் தேடிப் போனான்.

நான் யோவானாவோடு வீட்டில் இருந்தேன். டிரம்மைச் சாய்த்துக் கடைசித் தண்ணீரைப் பாத்திரத்தில் வழித்தோம். பாதியைக் காய்ச்சிக் குழந்தைக்குக் குடிக்க வைத்தோம். மீதியில் பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்தோம். துணி அலசத் துளி இல்லை. நனைந்த துணிகள் மூலையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் சேர்ந்துகொண்டே போயின. காய்ந்த துணி குறைந்துகொண்டே வந்தது.

கடைசித் துணியைக் கட்டியதும் யோவானா குனிந்து, கட்டிலுக்கடியிலிருந்து அந்தப் பாக்கெட்டை இழுத்தாள். உள்ளே டயாபர்கள் வெள்ளையாக, உலர்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இது காஞ்சு இருக்கு கொமாத்ரே."

"மூடினா வேகும். நர்ஸ் சொன்னதைக் கேட்டியே."

"இப்பக் கட்டின துணியும் நனைஞ்சா வேற என்னத்தக் கட்டுவேன்? ஈரத்தைக் கட்டவா? நியூஸ் பேப்பரைக் கட்டவா? சொல்லுங்க."

துணியா டயாபரா என்று கடையில் நின்று யோசிக்கிறவர்கள் இருப்பார்கள். எங்களுக்கு முன்னால் அப்போது ஒரு கையில் புண், மறு கையில் ஈரம். மில்கா அழுவதை நிறுத்தி முனக ஆரம்பித்திருந்தாள். அழுகையைவிட அந்த முனகல் என்னைப் பயமுறுத்தியது. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே விசிறினேன்.

பாக்கெட்டை மடியில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தபோது ஹாரன் கேட்டது.

லாரி வளைவில் மெதுவாக, மிக மெதுவாக ஏறி வந்தது. முன்னால் எடில்பெர்த்தோ பின்னோக்கி நடந்து கைகாட்டிக்கொண்டே வந்தான். லாரிக்காரரிடம் அவன் "போட்டது நான்தான், என் முன்னால ஏத்துங்க. வழுக்கினா முதல்ல நான் போறேன்" என்று சொன்னானாம். அவர் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் சாவியை எடுத்தாராம்.

ஃபோர்த்துனாத்தா குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தாள். என் டிரம் நிரம்பியது. அடுத்தது யோவானாவுடையது. யோவானா வாசலில் குழந்தையோடு நின்றாள். மூடியைத் திறக்கவே இல்லை. ஃபோர்த்துனாத்தா அந்த டிரம் பக்கம் தலையைத் திருப்பாமல் குழாயை மடக்கிப் பிடித்தாள். தண்ணீர் நின்றது. தாண்டிப் போனாள். அடுத்த வீட்டில் குழாயைத் திறந்தாள்.

என் டிரம்மில் தண்ணீர் தளும்பி நின்றது. கொடுக்க ஆசை. கொடுத்தால் கூட்டத்தை மீறியதாகுமா? யோவானா வாங்குவாளா? என் கை வாளியைப் பிடித்தபடியே நின்றது.

ஃபோர்த்துனாத்தா வரிசையை முடித்தாள். கடைசியில் இருந்த தன் டிரம்மை நிரப்பினாள். குழாயைச் சுருட்டி லாரிக்காரரிடம் கொடுத்தாள். பிறகு தன் வாளியைத் தன் டிரம்மில் முக்கி எடுத்துக்கொண்டு, பாதை முழுக்கத் தண்ணீர் தெறிக்கத் திரும்பி வந்தாள். யோவானாவின் டிரம் மூடியை அவளே இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே கவிழ்த்தாள்.

"டோனா ஃபோர்த்துனாத்தா, வேணாம்," என்றாள் யோவானா. "விதி..."

"விதி குழாய்க்கு. குழாய் தாண்டியாச்சு. எல்லாரும் பாத்தாச்சு. வாளிக்கு யாரு விதி போட்டது?" பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? கை வலிக்குதா? இல்ல, இதுக்கும் விசில் ஊதணுமா?"

நான்தான் அடுத்தவள். என் பின்னால் எதிர்வீட்டுக்காரி. அதன் பின் எத்தனை வாளிகள் என்று நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாது. லாரிக்காரர் கீழே இறங்குமுன் குடிப்பதற்கு வைத்திருந்த கேனைத் திறந்து, அதையும் ஊற்றிவிட்டுப் போனார். யோவானா அதுவரை அழாதவள், அப்போதுதான் அழுதாள்.

"அழுகைத் தண்ணி உப்பு. டிரம்முக்குள்ள விட்டுராத," என்றாள் ஃபோர்த்துனாத்தா. "எங்க அந்த நாத்தத் துணி? அலசி எடுத்துட்டு வா. சமையல் முடிஞ்சு அடுப்புல தணல் அப்படியே கிடக்கு. பின்பக்கச் சுவர்ல கயிறு கட்டித் தர்றேன். பானைப் பக்கம் ஒரு துணி வந்துச்சுன்னா, நாளைக்கு சூப்புல உன்னைத்தான் போடுவேன்."

பொதுச் சமையலின் பின்சுவர் தகரம். தணலின் சூடு அதில் இரவு வரை நிற்கும். இத்தனை நாள் அதில் பூனைகள் மட்டுமே சாய்ந்து படுத்திருந்தன. எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் துணிகள் மொரமொரவென்று காய்ந்துவிட்டன. லேசாகப் புகை வாசம். சூடு ஆறாத துணியைக் கட்டியபோது மில்கா ஒருதரம் உடம்பை நீட்டிச் சோம்பல் முறித்தாள். பிறகு தூங்கினாள். விடியும்போது நெற்றியைத் தொட்டேன். வேர்த்திருந்தது, குளிர்ந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அந்தத் தகரச் சுவரில் துணி தொங்கியது. தினமும் சாயங்காலம் பலகைச் சுவருக்கு அப்பால் துணி அலசும் சத்தம் எனக்குக் கேட்கும். அலசுவது எடில்பெர்த்தோ. "இன்னும் மஞ்சளா இருக்கு, நல்லாத் தேய்ங்க," என்று யோவானாவின் குரல். அவள் அவனோடு பழையபடி பேச ஆரம்பித்ததே அந்தத் துணிகளைத் திட்டுவதில்தான்.

கட்டிலுக்கடியில் இருந்த பாக்கெட்டை அவள் தூக்கி எறியவில்லை. கீழே சுகாதார நிலையத்துக்கோ கோயிலுக்கோ போகும் நாளில் ஒன்றை எடுத்துக் கட்டுவாள். வந்ததும் அவிழ்த்துவிடுவாள். பயன்படுத்தியதைப் பையில் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை கீழே கொண்டு போவார்கள்.

அப்படிக் கொண்டு போன முதல் ஞாயிறு பூசைக்குச் சேர்ந்து போனோம். மினி பஸ் வந்து நின்றதும் பையைப் பிடித்திருந்த எடில்பெர்த்தோவின் காது சிவந்தது. கால் படியில் ஏறவில்லை. நான் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு முதலில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் மூக்கைச் சுருக்கினான். "என்ன அத்தை அது?"

"என் ஞானப்பிள்ளையோடது," என்றேன். "சந்தையில இறக்கணும். குப்பைத் தொட்டி பக்கமா நிறுத்து, புண்ணியமாப் போகும்."

அவன் என்னையும் பையையும் பார்த்தான். படியில் தயங்கி நின்றவனையும், அவன் பின்னால் குழந்தையோடு நின்ற யோவானாவையும் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், கை நீட்டி என் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, ஏறுங்க, பிள்ளைக்குப் பனி படுது," என்றான்.